நாலு கார்டு... ஒரே ஸ்கோர்!

பர்ஸில் கார்டுகள் கூடினால் சிபில் அடிவாங்குமா? ஜாதவ்பூரிலிருந்து ஒரு கணக்கு

ஏப்ரல் மாதத்தின் நடுவில் வங்காளப் புத்தாண்டு பிறக்கும். அன்று காலை கொல்கத்தா வியாபாரிகள், சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்கு நோட்டைக் காளிகாட் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பூஜை செய்துகொண்டு வருவார்கள். மாலையில் வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து பழைய பாக்கியைக் கொடுப்பார்கள். கடைக்காரர் இனிப்புப் பொட்டலமும் காலண்டரும் கொடுத்து அனுப்புவார். ‘ஹால் காதா’ என்று இதற்குப் பெயர். பாக்கி தீர்ந்ததும் புதுப் பக்கம். போன வருடம் ஒருவர் இரண்டு மாதம் இழுத்தடித்ததைக் கடைக்காரர் மறந்தாலும் மறந்துவிடுவார்.

கிரெடிட் கார்டின் நோட்டில் அந்தச் சலுகை கிடையாது. கடன் அறிக்கையைத் திறந்தால், கடந்த 36 மாதங்களில் எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்பது கட்டம் கட்டமாக இருக்கும். குறைந்தது 7 ஆண்டுகளுக்கு விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்பது கடன் தகவல் நிறுவனங்களுக்கான விதி. நாலு கார்டு இருந்தால் நாலு வரிசைக் கட்டங்கள். அத்தனையும் சேர்ந்து கடைசியில் ஒரே ஓர் எண்ணாக வருகின்றன. 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணைத்தான் ‘சிபில் ஸ்கோர்’ என்று நாடே சொல்கிறது.

எட்டு-பி முதல் சவுத் சிட்டி வரை

தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய காலனிகளால் வளர்ந்த பகுதி. 1955-ல் பல்கலைக்கழகம் வந்தது. பக்கத்திலேயே இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம், கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சிக் கூடம், மருத்துவக் கல்லூரி. எட்டு-பி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் மாணவர்கள், ஆய்வாளர்கள், செக்டர் ஃபைவ் ஐடி வேலைக்குப் பஸ் பிடிப்பவர்கள், ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் என எல்லோரையும் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் சவுத் சிட்டி மால். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால், தலைமுறைகளாகத் தமிழர்கள் வசிக்கும் லேக் மார்க்கெட்.

சம்பளக்காரர், உதவித்தொகைக்காரர், பென்ஷன்காரர் என்று மூன்று வகை வருமானமும் ஒரே தெருவில் கலந்திருக்கும் இப்படிப்பட்ட இடத்தில்தான் கார்டின் குணம் நன்றாகத் தெரியும். வருமானம் வரும் தேதி ஆளுக்கு ஆள் மாறும். பில் அதற்காகக் காத்திருக்காது.

ஆய்வு மாணவர்களையே எடுத்துக்கொள்ளலாம். ‘ஜேஆர்எஃப்’ எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கையில் வந்தால் நல்ல தொகைதான். ஆனால் அது மாதாமாதம் முதல் தேதியில் வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சில மாதம் நின்று, பிறகு மொத்தமாக வந்து விழுவது ஆய்வு மாணவர்களுக்குப் பழகிப்போன கதை. அந்த இடைவெளியில் மெஸ் பில்லையும் ரயில் டிக்கெட்டையும் கார்டு தாங்குகிறது. உதவித்தொகை எப்படியும் வரும் என்ற நம்பிக்கை தப்பில்லை. டியூ டேட்டுக்கு முன்னால் வருமா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் புழக்கத்தில் இருக்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. ஒருவருக்கு ஒன்று என்று நிற்பதில்லை. சம்பளக் கணக்கு தொடங்கும்போது ஒன்று, ஆன்லைன் ஷாப்பிங் தள்ளுபடிக்காக இன்னொன்று, ஏர்போர்ட் லவுஞ்சுக்காக மூன்றாவது, ‘லைஃப்டைம் ஃப்ரீ சார்’ என்று மாலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன் கேட்டதற்காக நாலாவது. 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யோடு இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்த பிறகு, ரோல் கடையில் கியூஆர் ஸ்கேன் செய்து கொடுக்கும் 80 ரூபாய்கூடக் கடனாக இருக்கலாம். கையில் காசு குறையாததால் செலவு உறைப்பதில்லை.

மார்க் போடுவது யார்?

கடன் வாங்குபவரின் நம்பகத்தை எண்ணாக்கும் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. பொறியாளர் பில் ஃபேரும் கணித வல்லுநர் ஏர்ல் ஐசக்கும் 1956-ல் ஆரம்பித்த நிறுவனம், 1989-ல் ‘ஃபைகோ ஸ்கோர்’ என்ற பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. அது தன் கணக்கை ஓரளவு வெளிப்படையாகச் சொல்கிறது. பில்லை ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவிகிதம், எவ்வளவு பாக்கி என்பதற்கு 30, கடன் வரலாற்றின் வயதுக்கு 15, புதிதாக வாங்கிய கடனுக்கு 10, கடன் வகைகளுக்கு 10.

இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000-ல் பதிவானது. 2005-ல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. நாலும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருப்பதால் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நாலு விதமான ஸ்கோர் வரலாம். அதில் பதற்றப்பட ஒன்றுமில்லை. சூத்திரத்தின் நுணுக்கங்கள் வெளியே தெரியாது என்றாலும், பார்க்கும் விஷயங்கள் கிட்டத்தட்ட ஒன்றே: நேரத்துக்குக் கட்டினாரா, லிமிட்டில் எவ்வளவு தின்றார், எத்தனை வருடமாகக் கடன் கையாள்கிறார், சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டார்.

இந்தப் பட்டியலில் ‘எத்தனை கார்டு’ என்ற கேள்வி நேரடியாக இல்லை. கார்டின் எண்ணிக்கை மற்ற நான்கின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. சம்பளம் எவ்வளவு என்பதும் ஸ்கோரில் சேராது. லட்சம் சம்பளம் வாங்கி டியூ டேட்டை மறப்பவரைவிட, முப்பதாயிரம் வாங்கி நாள் தவறாமல் கட்டுபவருக்கு ஸ்கோர் அதிகமாக இருக்கும். கடன் கொடுக்கும்போது வங்கி சம்பளத்தைப் பார்க்கும். அது வேறு மேசை.

மூன்று கார்டு, ஒரு கணக்கு

திருநெல்வேலியிலிருந்து வந்து செக்டர் ஃபைவில் வேலை பார்த்துக்கொண்டு, ஜாதவ்பூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கார்டுகள். லிமிட் முறையே 50,000, 1 லட்சம், 1.5 லட்சம். மொத்தம் 3 லட்சம். துர்கா பூஜை மாதத்தில் கரியாஹாட்டில் துணி, ஊருக்கு விமான டிக்கெட், ஒரு போன் எல்லாம் சேர்ந்து 75,000 ரூபாய் செலவு. மொத்த லிமிட்டில் இது 25 சதவிகிதம். லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குள் நின்றால் நல்லது என்பது வங்கி வட்டாரத்தில் சொல்லப்படும் நடைமுறைக் கணக்கு, சட்டமில்லை. அந்தக் கணக்குப்படி இவருக்கு ஆபத்தில்லை.

‘எதற்கு இத்தனை கார்டு?’ என்று அப்பா போனில் கேட்கிறார். இவரும் 1.5 லட்சம் லிமிட் உள்ள கார்டை மூடிவிடுகிறார். செலவு அதே 75,000 தான். ஆனால் மொத்த லிமிட் 1.5 லட்சமாகிவிட்டது. பயன்பாடு 50 சதவிகிதம். ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்காமல், கடனில் மூழ்குகிறவர் போல அறிக்கையில் தெரிய ஆரம்பிக்கிறார். மூடியது அவரது மிகப் பழைய கார்டாகவும் இருந்தால், கடன் வரலாற்றின் சராசரி வயதும் நாளடைவில் இறங்கும்.

இன்னொரு கோணம் உண்டு. அந்த 75,000-ஐயும் 1 லட்சம் கார்டிலேயே தேய்த்திருந்தால், மொத்தப் பயன்பாடு 25 சதவிகிதம் என்றாலும் அந்த ஒரு கார்டில் 75 சதவிகிதம். அறிக்கையைப் பார்க்கும் வங்கி அதிகாரியின் கண் அங்கேதான் போகும். இரண்டு மூன்று கார்டுகளில் பிரித்துச் செலவழிப்பது இந்த வகையில் உதவும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற சங்கதியும் இங்கே வந்து நிற்கிறது. 60,000 ரூபாய் லேப்டாப்பை ஆறு மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 10,000 என்றுதான் மனசு கணக்குப் போடும். கார்டோ முதல் நாளே 60,000-ஐ லிமிட்டிலிருந்து கழித்துவிட்டு, தவணை கட்டக் கட்டத்தான் திருப்பிக் கொடுக்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் அந்தச் சமயத்தில் இப்படிப் பெரிய தவணைகளை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் வங்கி அறிக்கையை எடுத்துப் பார்க்கும், அது பதிவாகும். ஒரே மாதத்தில் நாலு வங்கியில் கேட்டால், ‘இவருக்குப் பணமுடை’ என்று சூத்திரம் நினைக்கும். தன் ஸ்கோரைத் தானே பார்த்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது. தினம் பார்த்தாலும் குறையாது.

மூன்று தேதிகள்

பல கார்டு வைத்திருப்பவர் நினைவில் வைக்க வேண்டியவை ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று தேதிகள். பில் போடும் ஸ்டேட்மென்ட் தேதி. கட்ட வேண்டிய கடைசித் தேதியான டியூ டேட். மூன்றாவதை அநேகம் பேர் கேள்விப்பட்டதே இல்லை: வங்கி நம் பாக்கியைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும் தேதி.

முன்பு இது மாதம் ஒருமுறை நடந்தது. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று மாற்றியது. கட்டிய பணம் சீக்கிரம் அறிக்கையில் ஏறுவது நல்லதுதான். தவறியதும் அதே வேகத்தில் ஏறும். ஒரு வங்கியில் தவறியது தெரிவதற்குள் இன்னொரு வங்கியில் கார்டு வாங்கிவிடலாம் என்ற பழைய தந்திரத்துக்கு இப்போது இடம் சுருங்கிவிட்டது.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. டியூ டேட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டுகிற ஒழுங்கான ஆளுக்கும் பயன்பாடு அதிகமாகத் தெரியலாம். காரணம், வங்கி விவரம் அனுப்பும் நாளில் பாக்கி எவ்வளவு நிற்கிறதோ அதுதான் பதிவாகும். பெரிய செலவு செய்த மாதத்தில், பில் வரும்வரை காத்திருக்காமல் ஸ்டேட்மென்ட் தேதிக்கு நாலைந்து நாள் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் அந்த எண் இறங்கும்.

தேதிகளைச் சாதகமாகவும் ஆக்கலாம். ஒரு கார்டின் ஸ்டேட்மென்ட் 5-ம் தேதி, மற்றது 20-ம் தேதி என்று இருந்தால், 6-ம் தேதி வாங்கும் பொருளை முதல் கார்டிலும் 21-ம் தேதி வாங்குவதை இரண்டாவதிலும் தேய்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஐம்பது நாள் வட்டியில்லா அவகாசம் கிடைக்கும். பில் சுழற்சியை வாடிக்கையாளர் மாற்றிக்கொள்ள வங்கி அனுமதிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சம்பளம் ஒன்றாம் தேதி என்றால் எல்லா டியூ டேட்டையும் 5 முதல் 10-ம் தேதிக்குள் கொண்டுவந்துவிடலாம். மறதிக்காரர்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

டியூ டேட் தாண்டினாலும் மூன்று நாள் வரை தாமதக் கட்டணம் போடவோ, தாமதம் என்று பதியவோ கூடாது என்று 2022-ன் கிரெடிட் கார்டு விதிகள் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சர்வர் தொங்கிவிட்டது என்பவர்களுக்கு இது போதும். மாதாமாதம் இதை நம்பிக் கட்டுவது வேண்டாத விளையாட்டு.

2,000 ரூபாய் கட்டி 431 அடைப்பது

தாமதம் என்று பதியாமல் இருக்க ‘மினிமம் டியூ’ கட்டினால் போதும். தவறியவர் பட்டியலில் பெயர் வராது. பர்ஸுக்கு அது போதாது.

பில் 40,000 ரூபாய். மினிமம் 5 சதவிகிதம் என்றால் 2,000. அதைக் கட்டிவிட்டு மீதி 38,000-ஐ அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், மாதம் 3.5 சதவிகித வட்டியில் 1,330 ரூபாய் ஆகும். அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி 239. மொத்தம் 1,569. அடுத்த மாதம் மறுபடி 2,000 கட்டினால் அதில் கடன் குறைவது வெறும் 431 ரூபாய். இது புதுச் செலவே செய்யாதிருந்தால். பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா அவகாசம் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மாதம் 3.5 சதவிகிதம் என்றால் ஆண்டுக் கணக்கில் 42 சதவிகிதம். இவ்வளவு வட்டி நியாயமா என்ற வழக்கு பல வருடம் நடந்தது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டிக்கு வரம்பு வைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்பது அதன் முடிவு. பதினாறு ஆண்டு வழக்கு முடிந்தபோது கார்டுதாரர் கையில் எந்த உச்சவரம்பும் மிஞ்சவில்லை.

ஒரு கார்டின் பில்லை அடைக்க இன்னொரு கார்டிலிருந்து பணம் புரட்டுவது பல கார்டுக்காரர்களின் மிகப் பெரிய கண்ணி. ‘வாடகை’ என்ற பெயரில் நண்பர் கணக்குக்குக் கார்டிலிருந்து பணம் அனுப்பி, திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று சில வருடம் ஓடியது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த பேமென்ட் அக்ரிகேட்டர் விதிகளுக்குப் பிறகு பல ஆப்கள் வாடகைச் சேவையை நிறுத்திவிட்டன. உண்மையாகவே கார்டில் வாடகை கட்டி வந்தவர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள். சுழற்சியில் சிக்கியவருக்கு, வட்டி குறைந்த பர்சனல் லோன் ஒன்று வாங்கிக் கார்டு பாக்கி மொத்தத்தையும் அடைப்பது பெரும்பாலும் லாபம். அடைத்த கையோடு மறுபடி தேய்க்காமல் இருந்தால்.

‘பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்’ என்று வசூல்காரர் சொல்லும் செட்டில்மென்ட் வேறு ரகம். பணம் மிச்சமாகும். அறிக்கையில் ‘செட்டில்டு’ என்ற சொல் ஏறும். முழுதாகக் கட்டி மூடியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த வங்கி உடனே கண்டுகொள்ளும்.

அலமாரியில் தூங்கும் கார்டு

பல கார்டு வைத்திருப்பவர்களை அதிகம் படுத்துவது, அவர்கள் பயன்படுத்தாத கார்டுதான். முதல் வருடம் கட்டணம் இல்லை என்று வாங்கியது. இரண்டாம் வருடம் 500 ரூபாய் ஆண்டுக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 590. பழைய மெயில் முகவரிக்குப் பில் போகிறது. வீடு மாறியாயிற்று, போன் நம்பரும் மாறியாயிற்று. தாமதக் கட்டணம் மேலே மேலே ஏறுகிறது. இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது, ஒரு ரூபாய் பொருள்கூட வாங்காத கார்டில் தொண்ணூறு நாள் தாமதம் என்று அறிக்கை சொல்கிறது. வாடகை வீடுகள் வருடத்துக்கு வருடம் மாறும் ஜாதவ்பூர் மாதிரி இடத்தில் இது சுலபமாக நடக்கும்.

வேண்டாத கார்டை மூடச் சொன்னால், பாக்கி ஏதும் இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்கின்றன 2022 விதிகள். கேட்காமலே கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பி, பில்லும் போட்டால் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு அபராதம். ஆக்டிவேட் செய்யாத கார்டின் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பவும் கூடாது. ஒருவரைத் தவறியவர் என்று பதிவதற்கு முன் ஏழு நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

மூடுவதாக இருந்தால் கட்டணம் பிடுங்கும் கார்டை மூடலாம், கட்டணமில்லாத பழைய கார்டை வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் கட்டினால் போதும். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் விட்டால், தகவல் சொல்லிவிட்டு வங்கியே மூடும் நடவடிக்கையைத் தொடங்கலாம்.

ஸ்கோர் போய் நிற்கும் இடங்கள்

ஸ்கோரும் கடன் அறிக்கையும் இன்று வங்கிக் கவுன்ட்டரைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் அறிக்கையில் தவணை தவறியது தெரிந்ததால் 2021-ல் ரத்தானது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். தவறிய வரலாறே இருக்கக் கூடாது என்பது அறிவிப்பில் உள்ள நிபந்தனை என்றது வங்கி. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.மாலா வங்கியின் முடிவு சரியென்றார். பொதுமக்களின் பணத்தைக் கையாளும் வேலைக்குப் பண ஒழுக்கம் முக்கியம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கார்டில் காலம் தள்ளும் பட்டதாரிகள், ஜாதவ்பூரிலும் சரி, திருச்சியிலும் சரி, இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு உண்டு. 16,667 ரூபாய் பாக்கியும், வாராக் கடன் என்று தள்ளப்பட்ட இன்னொரு கடனும் இருந்ததால் ஒரு மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கப்பட்டது. ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.குன்ஹிகிருஷ்ணன் உத்தரவிட்டார்.

முதல்முறை கடன் கேட்பவருக்கு ஸ்கோரே இருக்காது. அறிக்கையில் ‘-1’ என்று வரும். அதைக் காரணம் காட்டி மட்டும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது, குறைந்தபட்ச ஸ்கோர் என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். சம்பளச் சீட்டு இல்லாத ஆய்வு மாணவருக்கும் இல்லத்தரசிக்கும் இன்னொரு வழி இருக்கிறது. வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு அதன் ஈட்டில் கார்டு வாங்குவது. டெபாசிட்டுக்கு வட்டி வரும், கார்டுக்கு வரலாறு சேரும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் நம்மவர்கள் அங்கே முதலில் கைவைப்பதும் இதே மாதிரியான ஈட்டுக் கார்டில்தான். இங்கே சேர்த்த ஸ்கோர் பொதுவாக அங்கே கூடவே வருவதில்லை.

டெல்லியில் எடுத்த பணம்

2019 டிசம்பர் முதல் வாரம். ஜாதவ்பூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் பின் ஒருவராகப் புகார் கொடுக்க வந்தார்கள். எல்லோர் கதையும் ஒன்று: கார்டு பையில் இருக்கிறது, பணம் டெல்லி ஏடிஎம்-மில் எடுக்கப்பட்டிருக்கிறது. சில நாளில் புகார்கள் டஜன் கணக்கில் சேர்ந்தன. ஏடிஎம்-மில் ஸ்கிம்மர் பொருத்தி, கார்டு விவரங்களைத் திருடிப் போலிக் கார்டு செய்தது தெரிந்தது. கொல்கத்தா போலீஸ் டெல்லி வரை போய் ருமேனியாவைச் சேர்ந்த ஒருவரைக் கைது செய்தது.

அவை ஏடிஎம் கார்டுகள். அதில் போனது சேமிப்பு. கிரெடிட் கார்டில் இதே மாதிரி நடந்தால், போகும் பணம் கடனாக நம் தலையில் ஏறி, கட்டாவிட்டால் அறிக்கையிலும் ஏறப் பார்க்கும். கார்டு கூடக் கூடத் திருடன் நுழையும் கதவும் கூடும். மூன்றாம் நபர் மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். நாலு கார்டின் எஸ்எம்எஸ்-ஸும் ஒரே போனுக்கு வந்தால்தான் மூன்று நாள் கெடுவைப் பிடிக்க முடியும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், டேப் என ஒவ்வொன்றையும் ஆப்பிலேயே நிறுத்தி வைக்கும் வசதியும் 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. மாதம் ஒருமுறை பயன்படுத்தும் கார்டில் இவற்றை மூடிவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முகர்ஜியா, முகோபாத்யாயா?

அறிக்கையில் வரும் தவறெல்லாம் கார்டுதாரரின் தவறு இல்லை. பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, போன் நம்பர் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான் எந்தக் கார்டு யாருடையது என்று கடன் தகவல் நிறுவனம் முடிவு செய்கிறது. வங்காளத்தில் ஒருவரே ஒரு ஆவணத்தில் முகர்ஜியாகவும் இன்னொன்றில் முகோபாத்யாயாகவும் இருப்பார். பானர்ஜிக்குப் பந்தோபாத்யாய், சாட்டர்ஜிக்குச் சட்டோபாத்யாய். நம்மூர் வழக்கில் சிக்கல் வேறு விதம். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது வங்கிக்கு வங்கி மாறும். லேக் மார்க்கெட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கு மூன்று கார்டில் மூன்று விதப் பெயர் இருந்தால், ஒன்று அறிக்கையில் ஏறாமல் போகலாம். மோசமான சமயத்தில் வேறு யாருடைய பாக்கியோ வந்து ஒட்டிக்கொள்ளலாம். எல்லாக் கார்டிலும் பான் கார்டில் உள்ள பெயரையே வைத்துக்கொள்வதுதான் வழி.

நிறுவனங்களும் சுத்தமில்லை. தகவல்கள் துல்லியமாக இல்லாதது, திருத்தக் கோரிக்கையை உரிய காலத்தில் முடிக்காதது போன்ற குறைகளுக்காக 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி நாலு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. சிபிலுக்கு 26 லட்சம், சிஆர்ஐஎஃப் ஹைமார்க்குக்கு 25.75 லட்சம், எக்ஸ்பீரியனுக்கு 24.75 லட்சம், ஈக்விஃபாக்ஸுக்கு 24.25 லட்சம்.

2017 முதல் நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துக் கேட்டால் வருடம் முழுவதும் காசில்லாமல் கண்காணிக்கலாம். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கோரை இல்லை, கணக்குகளின் பட்டியலை. தெரியாத கார்டு ஏதாவது இருக்கிறதா, மூடிய கார்டு ‘மூடப்பட்டது’ என்று இருக்கிறதா, 36 மாதக் கட்டங்களில் பூஜ்யம் தவிர வேறு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தவறு இருந்தால் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். வங்கியிடம் ரசீது, மூடியதற்கான கடிதம், ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைக் கொடுத்து எழுத்தில் கேட்பதும் அவசியம். விவரத்தைச் சரிபார்த்துத் தர வங்கிக்கு 21 நாள். மொத்தமாக முடிக்க 30 நாள். அதற்குமேல் போனால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் புகார்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. தாமதம் வங்கியால் என்றால் வங்கி தரும், நிறுவனத்தால் என்றால் நிறுவனம் தரும். அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. ஜாதவ்பூரிலிருந்து ரிசர்வ் வங்கி அலுவலகம் இருக்கும் டல்ஹௌசி வரை பஸ் ஏறிப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் வங்கிக்கோ நிறுவனத்துக்கோ எழுதிய புகாரின் தேதியும் பதிவு எண்ணும் மட்டும் கையில் இருக்க வேண்டும்.